நீக்கப்படும் என்று எழுதியிருந்த வரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷமாகத் தயங்கினேன். இரண்டு முறை கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒரு வரிகூட எழுதாமல் மூடி வைத்தேன். அதில் ஒரு கொப்பியில் இப்போது என் சம்சாரம் சரசு பிரஷர் மருந்து குடிக்கிற நேரத்தைக் குறித்து வைக்கிறாள். இது மூன்றாவது கொப்பி. இந்த முறையாவது சுழியோடு நின்றுவிடாமல் இருக்க அந்தப் பிள்ளையாரே துணை.

எழுத வைத்தது ஒரு கைபேசிச் செய்தி. நான் இருபத்தொன்பது வருஷம் வேலை செய்தது கண்டி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். அங்கே இப்போது இருக்கிற பிள்ளைகள் கைபேசியில் ஒரு குழு வைத்து, என்னையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். நோயாளிகள் படுக்கிற வாட்டுகளில், கொம்பியூட்டரில் செய்தி அனுப்ப இருந்த பழைய சாட்டை எடுத்துவிட்டார்கள், இனி எல்லாம் கைபேசியிலேயே என்று போன மாசம் அதில் எழுதியிருந்தார்கள். "லிங்கம் ஐயா, மவுஸே தொடாம கறுப்புத் திரையில டைப் பண்ணியே அதையெல்லாம் போட்டு எடுத்தீங்களாமே, அது எப்புடி? எழுதுங்களேன்" என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்குக் கீழேயே இன்னொரு பிள்ளை என்னைப் பற்றிய கதை ஒன்றைப் போட்டிருந்தது. தான் செய்த பிழையைத் தானே போய்ச் சொன்ன மனிதர் என்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். அந்தக் கதையில் பாதிதான் உண்மை. மீதியையும் எழுதாமல் நான் கண்ணை மூடக்கூடாது.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் பிறந்து, சின்னதிலேயே அம்பிட்டியவுக்கு வந்துவிட்டோம். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் இரண்டு தடவையும் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது ரிப்போட் கொண்டு போகிற வேலை. இரத்தம் சோதிக்கிற லெப் கீழ்த்தட்டில், வாட்டுகள் மேலே மூன்று மாடிகளில். லிஃப்ட் நோயாளிக்கு, படி எனக்கு. அப்படியே பதினாலு வருஷம் ஏறி இறங்கினேன். பிறகு ஒரு நாள் வாட்டுக்கு வாட்டு கொம்பியூட்டர் வந்தது, அதில் சாட் வந்தது. லெப்பில் டைப் பண்ணினால் மூன்றாம் மாடித் திரையில் எழுத்து விழுகிறது. என் காலுக்கு வேலை இல்லாமல் போனது.

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கொம்பியூட்டர் பகுதிக்குப் பொறுப்பாக வந்திருந்த பவானி மிஸ் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயசு இளையவர்.

"ஐயா, உங்களுக்கு எந்த மெஷின் எந்த மூலையில இருக்கு, அதில ஆர் இருக்கினம் எண்டு எல்லாம் தெரியும். எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் என்னோட வாங்கோ."

"எனக்கு இங்கிலீஸ் சரியா வராதுங்க மிஸ்."

"மெஷினுக்கும் வராது. அதுக்கு ஒரு அம்பது அறுவது சொல்லுதான் தெரியும். நீங்களும் அதைப் பழகினாக் காணும்."

அந்த ஐம்பது அறுபது சொல்லைப் பழக எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதை விவரிக்கப் போனால் கொப்பி முடிந்துவிடும். ஆனால் முதல் நாள் மட்டும் மறக்காது. கீழே உட்கார்ந்துகொண்டு, கறுப்புத் திரையில் இரண்டாம் வாட்டு மெஷினின் பெயரை அடித்து, இரகசியச் சொல்லைக் கொடுத்தேன். திரையின் ஓரத்தில் அந்த வாட்டின் பெயர் வந்து நின்றது. "இப்ப நீங்கள் அங்க நிக்கிறியள்" என்றார் மிஸ். எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு படி ஏறவில்லை, மேலே போய்விட்டேன்! அன்று முழுக்கக் காரணமே இல்லாமல் ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாட்டை ஒரு மெஷினில் போடுவதற்கு ஒரே ஒரு வரி போதும். போடு என்ற சொல்லையும் சாட்டின் பெயரையும் அடித்து என்டர் தட்டினால், மெஷின் தானே களஞ்சியத்துக்குப் போய்த் தேடி எடுத்து வரும். அந்தக் களஞ்சியம் எங்கள் அறையிலேயே இன்னொரு மெஷினில் இருந்தது. அதற்குள் சாட் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு கட்டாகக் கட்டி இருக்கும், அதை மிஸ் பொதி என்பார். ஒரு பொதியைக் கேட்டால் அது மட்டும் வராது, அதற்கு வேண்டிய வேறு ஏழெட்டுப் பொதியும் சேர்ந்து வரும். ஏன் என்று கேட்டேன். "அது தனிய நிக்க ஏலாது ஐயா, மற்றதுகளில சாஞ்சுதான் நிக்கும்" என்றார். எனக்கு உடனே அர்ச்சனைத் தட்டு ஞாபகம் வந்தது. தேங்காய் ஒன்று என்று கேட்டாலும் கடைக்காரர் வெற்றிலை, பாக்கு, பழம், சூடம், ஊதுபத்தி எல்லாம் வைத்துத்தானே நீட்டுகிறார். அதைச் சொன்னதும் மிஸ் சிரித்துவிட்டார். பிறகு அவரும் புதிதாக வருகிறவர்களுக்கு அதையே சொல்லிக் கொடுத்தார்.

நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு யாராவது இருந்தால் அடித்தே விரட்டியிருப்பார்கள். "ஒரு பொதிய நீக்கினா அது எங்க மிஸ் போகும்?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஒரு இடமும் போகாது. இருந்த இடம் வெறுமையாகும். ஆனா நீக்கினது எண்டு எழுதி வைக்கும்." எங்கே எழுதி வைக்கும் என்று கேட்டு, அந்த ஏடு இருக்கிற இடத்தையும் கற்றுக்கொண்டேன். அது பிறகு எனக்கே உதவும் என்று அப்போது தெரியாது. உதவியது என்று சொல்லலாமோ என்னவோ.

மிஸ்ஸின் முறை இதுதான். அவர் கீபோட்டைத் தொடவே மாட்டார். நான் உட்கார்ந்திருக்கிற கதிரைக்குப் பின்னால் கையைப் பின்புறம் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு வரியை அடித்து என்டர் தட்டியதும், என்ன செய்யப் போகிறேன் என்று மெஷின் ஒரு பட்டியல் போடும். புதிதாகப் போடப்படுபவை, மேம்படுத்தப்படுபவை, நீக்கப்படுபவை என்று. கடைசியில் சம்மதமா என்று கேட்டு, ஆம் என்பதற்கு ஓர் எழுத்து, இல்லை என்பதற்கு ஓர் எழுத்து காட்டி நிற்கும். நான் ஆம் எழுத்துக்கு விரலைக் கொண்டு போகும்போது பின்னாலிருந்து குரல் வரும்.

"வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சேங்க மிஸ்."

"வாய் விட்டு வாசியுங்கோ, நானும் கேக்கட்டும்."

எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நீக்கப்படும் என்ற சொல்லை மட்டும் மெஷின் பெரிய எழுத்தில் போடும். அந்த இடம் வந்தால், அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு பெயரையும் கொப்பியில் எழுதி, அது என்ன பொதி என்று சொல்லிவிட்டுத்தான் தட்ட வேண்டும். எனக்குச் சில நேரம் எரிச்சலாக இருக்கும். ஒரு எழுத்துத் தட்டுவதற்கு இத்தனை சடங்கா என்று. கோயிலில் இதைவிட நீளமான சடங்குக்கெல்லாம் பொறுமையாக நிற்கிறவன்தான் நான்.

இன்னும் இரண்டு விதி வைத்திருந்தார். வாட்டு மெஷினில் வேலை செய்வதென்றால் பகல் பன்னிரண்டேகாலுக்கும் ஒரு மணிக்கும் இடையில்தான், அதுவும் வாட்டுக்கு ஃபோனில் சொல்லிவிட்டு. வேலை முடிந்ததும் படியேறிப் போய், அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, மணி அடிக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டு வர வேண்டும்.

மணி என்றால், அது மிஸ்ஸே எழுதிய ஒரு சின்னப் பொதி. லெப்பில் ஆபத்தான ரிப்போட் வந்தால், அனுப்புகிறவர் அவசரம் என்ற குறியைப் போட்டு அனுப்புவார். உடனே வாட்டு மெஷின் கோயில் மணி மாதிரி அடிக்கும், செய்தியும் சிவப்பு எழுத்தில் வரும். அந்த மணிப் பொதி சாட்டின் மேல் சாய்ந்து நிற்பது. அது வந்த பிறகு அவசர ரிப்போட்டுக்கு யாரும் ஃபோன் எடுப்பதே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டிய விஷயம்.

அந்த வருஷம் மிஸ்ஸின் அப்பாவுக்குக் கண் ஒப்பரேஷன். ஒரு கிழமை லீவில் யாழ்ப்பாணம் போனார். புதிய சாட்டை ஐந்து மெஷின்களில் போட்டு வைக்கச் சொல்லி, நாளும் நேரமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு மெஷின் ஆபீஸ் அறைகளில். ஐந்தாவது இரண்டாம் வாட்டில், புதன்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு.

புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம்.

நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து ராகு காலத்தில் ஒரு புதிய வேலையைத் தொட்டதில்லை. மிஸ் பக்கத்தில் இருக்கும்போது அவர் சொன்ன நேரத்துக்கு, மனசுக்குள் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே செய்வேன். அன்று அவர் இல்லை. பன்னிரண்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுவோம் என்று, மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அப்போது பதினொன்றே முக்கால். வாட்டுக்கு ஃபோன் பண்ணவில்லை. வரியை அடித்தேன். பட்டியல் வந்தது. முந்தின நாலு மெஷினிலும் அதே மாதிரிப் பட்டியல்தான் வந்தது, நாலிலும் ஆம் என்றுதான் தட்டினேன். பின்னால் குரல் இல்லை. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. விரல் தானாகப் போய்த் தட்டிவிட்டது.

ஆபீஸ் மெஷின்களில் மணி இல்லை. இதில் இருந்தது. புதிய சாட்டோடு பழைய மணி ஒத்துப்போகாது. அதனால் மணி நீக்கப்படும் என்று மெஷின் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் கேட்டது. நான் வாசிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மேலே போய் மணியைச் சோதித்தால் அது ராகு காலத்துக்குள் விழுந்துவிடும், ஒன்றரைக்குப் பிறகு பார்ப்போம் என்று சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

ஒன்று நாற்பதுக்கு மேலே போய்ச் சோதித்தேன். மணி அடிக்கவில்லை. ஓடிவந்து கீழே பார்த்தால் மணிப் பொதியே இல்லை. கொப்பியைப் பார்த்துப் பார்த்து, பழைய சாட்டையும் பழைய மணியையும் திரும்பப் போட்டேன். மறுபடி படியேறிச் சோதித்தேன். கணீரென்று அடித்தது. "முருகா, தப்பிச்சேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாட்டில் ஒரு கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நின்றதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இது வழக்கம்தானே என்று இறங்கிவிட்டேன்.

இரண்டரை மணிக்கு மெனேஜர் மாத்தயா கூப்பிட்டார். சிங்களவர், நல்ல மனிதர். மாத்தயா என்றால் அவர்கள் பாஷையில் ஐயா. பல்லேகல பக்கத்திலிருந்து வந்து படுத்திருந்த ஒரு பெரியவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்துகிற அளவுக்கு ஏறியிருந்ததாம். லெப்பில் வேலை செய்கிற நஸீரா என்ற பிள்ளை அதைப் பன்னிரண்டு இருபதுக்கு அனுப்பியிருக்கிறாள். மணி அடிக்கவில்லை. வேறொரு ரிப்போட்டைத் தேடிய நர்ஸ், ஒன்றேகாலுக்கு, கறுப்பு எழுத்தில் கிடந்த செய்தியைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். பெரியவரைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

"அந்தப் பிள்ளை அவசரக் குறி போட்டேன் என்கிறது. போட்டிருந்தால் மணி அடிக்கத்தானே வேண்டும்? நீ போய் மணி வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்" என்றார் மாத்தயா.

நான் போனேன். அடித்துப் பார்த்தேன். திரும்பி வந்து சொன்னேன்.

"மணி அடிக்குது சேர்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

நஸீரா வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாப்பா இல்லாத வீடு, உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் அவளை நம்பித்தான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை, அதோடு அவளை நிறுத்திவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. வியாழக்கிழமை அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நான் குறி போட்ட. அல்லாஹ் மேல ஆணையா போட்ட. மணி நல்லாத்தான் ஈக்கின்னு எல்லாரும் செல்லுறாங்க. அந்த நேரம் மெஷின்ல என்ன நடந்திச்சின்னு பின்னுக்குப் போய்ப் பாக்க ஏலுமா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஏலாது தங்கச்சி."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது.

அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. சரசு விடவில்லை. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழும்பும்போது மட்டும் சொன்னாள், "நேரம் பாத்து வேல செஞ்சீங்க, சரி. செஞ்ச வேலயப் பாத்தீங்களா?"

அந்தக் கேள்வியோடு நான் நேராகப் போய் உண்மையைச் சொன்னேன் என்றுதான் ஆஸ்பத்திரிக் கதை சொல்கிறது. இல்லை பிள்ளைகளே. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போனது அழிப்பதற்கு.

அறையைத் திறந்து, அந்த வாட்டு மெஷினுக்குள் போய், ஏட்டைத் திறந்தேன். அதில் எழுத, அழிக்க அதிகாரச் சொல் வேண்டும். அது மிஸ்ஸுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். புதன்கிழமைப் பகுதிக்குப் போனேன். பழக்கதோஷம், வாய் விட்டு வாசித்தேன். அறையில் யாரும் இல்லை. தொடங்கிய நேரம் பதினொன்று நாற்பத்தெட்டு. அடிக்கப்பட்ட வரி இது. கேட்டவர் லிங்கம். மேம்படுத்தப்பட்டது சாட். நீக்கப்பட்டது மணி. முடிந்த நேரம் பதினொன்று ஐம்பது. அதற்குக் கீழே ஒன்று ஐம்பத்திரண்டுக்குத் திரும்பப் போட்டதும், அதிலும் என் பெயரோடு.

இரண்டு பகுதியையும் அழித்தேன். ஆமாம், அழித்தேன். ஆனால் சேமிக்கச் சொல்லவில்லை. சேமிப்பதற்கு முன்னால், வேறெங்காவது இது எழுதியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். திரையிலேயே இன்னொரு ஜன்னலைத் திறந்து தேடினேன். பக்கத்து ஏட்டில் ஒவ்வொரு பொதியும் எந்த நொடியில் போனது, எந்த நொடியில் வந்தது என்று இருந்தது. மூன்றாவது ஏடு ஒன்றில், வேலை நடந்தபோது திரையில் ஓடிய எழுத்தெல்லாம் அப்படியே. நான் பார்க்காமல் விட்டதையெல்லாம் அது எடுத்து வைத்திருந்தது. நாலாவது ஏட்டைத் திறந்தேன். அது அதிகாரச் சொல்லைப் பாவித்தவர்களின் ஏடு. அதன் கடைசி வரியில், இன்று காலை ஏழு பன்னிரண்டுக்கு லிங்கம் முதல் ஏட்டைத் திருத்துவதற்காகத் திறந்தான் என்று இருந்தது.

அழிக்க வந்ததையும் எழுதிவிட்டது! இந்த ஏட்டையும் அழிக்கத் திறந்தால் அதையும் எழுதும். பயம்தான் முதலில் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஏடுகளை மிஸ்ஸைத் தவிர வேறு யாரும் பார்க்கப் போவதில்லை, மிஸ்ஸும் என்னை நம்புகிறவர், தேடியிருக்க மாட்டார். தப்பியிருக்கலாம். பிறகு ஏன் நிறுத்தினேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்த எழுத்துத்தான் காரணம் என்று நினைக்கிறேன். மெஷினுக்கு என் மேல் கோபம் இல்லை. லிங்கம் கெட்டவன் என்றும் எழுதவில்லை, பாவம் அவசரத்தில் செய்துவிட்டான் என்றும் எழுதவில்லை. இந்த நேரம், இன்னார், இதைச் செய்தார். அவ்வளவுதான். இப்படிச் சொல்வது இத்தனை சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. இரண்டு நாளாக நான் சாமியிடம்கூட இப்படிச் சொல்லவில்லை. ராகு காலம், மிஸ் இல்லை, கை பழகிவிட்டது என்று காரணம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேமிக்காமல் மூடினேன். அழித்த வரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன்.

எட்டு மணிக்கு மிஸ் யாழ்ப்பாண பஸ்ஸில் வந்திறங்கி, பையோடு நேரே அறைக்கு வந்தார். நான் கடதாசியை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார்.

"புதன்கிழமை பதினொண்டு நாப்பத்தெட்டோ? நான் பன்னிரண்டேகால் எண்டெல்லோ எழுதி வச்சனான்?"

"ராகு காலம் மிஸ்."

பையை இறக்கிக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப புதன்கிழமை வேண்டாம் எண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே ஐயா. வியாழன் வச்சிருப்பன்" என்றார்.

அவ்வளவு சின்ன விஷயம். சாமி என்னை அவசரப்படச் சொல்லவில்லை. ஒரு வாய்ச் சொல்லில் முடிகிறதைச் சொல்ல வெட்கப்பட்டு, பழியைச் சாமி தலையில் போட்டது நான்தான்.

விசாரணையில் கடதாசியை வைத்து, நான் செய்தேன், மணி இல்லாமல் போனது என்னால், திரும்பப் போட்டதும் நான் என்று சொன்னேன். நஸீரா என்னைப் பார்த்தபடியே இருந்தாள். மிஸ் தன் பங்குக்கு, "மணிப் பொதியை அசையாதபடி பூட்டி வச்சிருக்க வேணும். அதுக்கெண்டு ஒரு கட்டளை இருக்கு, நான் போடேல்ல. அது என்ர பிழை" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவசியமே இல்லை.

மெனேஜர் மாத்தயா நஸீரா மேல் தவறில்லை என்று ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். கடிதம் வந்தபோது பத்து இருபத்தெட்டு. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. சிங்களவர்களும் எங்களை மாதிரித்தானே பார்ப்பார்கள். மாத்தயா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"வாசிச்சிட்டுப் போடுங்கோ சேர்" என்றார் மிஸ்.

மாத்தயா நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். நஸீராவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. திருத்தி அடித்து வரப் பத்து நாற்பது ஆகிவிட்டது. ராகு காலத்திலேயே கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நஸீரா இன்று அந்த லெப்புக்கே பொறுப்பாக இருக்கிறாள். பெரியவரும், கடவுள் கிருபை, நாலு நாளில் வீட்டுக்கு நடந்து போனார். அவர் பெயருக்கு நான் இன்றும் வருஷத்தில் ஒரு அர்ச்சனை செய்கிறேன்.

வெளியே வந்ததும் நஸீரா என்னை நிறுத்தினாள்.

"நேத்து ஏலாதுன்னு சென்னீங்களே அண்ணே."

"நேத்தும் ஏலும் தங்கச்சி."

அவள் படியிறங்கி லெப்புக்குப் போய்விட்டாள். மூன்று மாசம் பேசவில்லை. அதில் அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை ஆறு மாசம் மறுபடி படியேறி ரிப்போட் கொண்டு போக விட்டார்கள். ஏறினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாம் வாட்டு மணியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆறு மாசம் கழித்து மிஸ் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார். பழையபடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கேட்காமலே வாய் விட்டு வாசித்தேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று கூட்டம் வைத்து, மாலை போட்டு, லிங்கம் ஐயா தன் பிழையைத் தானே வந்து சொன்னவர் என்று பேசினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நஸீரா மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் தட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை. வியாழக்கிழமை நான் சொன்ன அந்த ஏலாது என்ற சொல்லை அவள் இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த மாலையின் பாரம் இருக்கிறதே, அதைத்தான் இந்தக் கொப்பியில் இறக்கி வைக்கிறேன்.

இதுவரை எழுதியதைப் படம் பிடித்து முதலில் அவளுக்குத்தான் கைபேசியில் அனுப்பினேன். உன் பெயரும் வருகிறது, வேண்டாம் என்று நினைக்கிற இடத்தை எடுத்துவிடு தங்கச்சி என்று எழுதினேன். மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுகைக்குப் பிறகு எழுதியிருந்தாள்.

"வாசிச்ச அண்ணே. ரெண்டு தரம் வாசிச்ச. ஒண்ணும் எடுக்க வாணாம்."

ஆகவே பிள்ளைகளே, குழுவில் இருக்கிற அந்த நல்ல கதையை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே கொடுங்கள். என் மேல் இரக்கப்பட்டு வியாழக்கிழமையை வெட்டிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு பன்னிரண்டையும் வெட்டாதீர்கள். நான் எழுதியபடியே, நஸீரா ஒன்றும் எடுக்காமல் விட்டபடியே, கைக்குக் கை மாற்றிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாய் விட்டு வாசியுங்கள்.